வாட்டுக்கும் வேண்டும் முத்திரை



பருப்பு விலை, வரி, உரிமம் என்று பேசும் நமது ஏட்டில் பாட்டுப் பெட்டியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் குமராட்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, வீட்டில் நல்லபடியாகப் பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது கொஞ்சப் பணம்தான். ஒரு கடையில் 5,000 வாட் என்கிறார்கள். இன்னொரு கடையில் அதே பணத்துக்கு 30 வாட்தான் வரும் என்கிறார்கள். 5,000 வாட்டை விட்டுவிட்டு 30 வாட்டை யாராவது வாங்குவார்களா?" என்று கேட்டார்.

"வாங்கு தம்பி. அப்படி வாங்காமல் விட்டுக் கெட்டவன் நான்" என்றேன். அவருக்குச் சொன்ன விவரத்தை எல்லோருக்கும் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. கிலோ, லிட்டர், மீட்டர் போல வாட் என்பதும் ஓர் அளவுதான். அளவை வைத்துப் பிழைப்பவர்கள் நாம். அதனால் இது பாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் ஆகாது. நம் தொழிலின் மானத்தோடு சேர்ந்த விஷயம்.

நான் ஏமாந்த கதை

1996-ஆம் ஆண்டு. சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கிய நேரம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாதஸ்வரம் என்றால் உயிர். வீட்டில் ஒரு நல்ல செட் வைத்துக் கேட்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை.

சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்களை வாங்கி வந்து, தன் கையாலேயே ஆம்ப்ளிபயர் செய்து கொடுப்பார். அவரிடம் விசாரித்தேன். "பக்கத்துக்கு 20 வாட் வரும் முதலாளி. உங்கள் கூடத்துக்கு அது தாராளம்" என்றார். அதே நேரம் வேறொரு கடையில் பளபளவென்று ஒரு பெட்டி. முகப்பில் கொட்டை எழுத்தில் 1,000 வாட். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று நான்கு எழுத்து. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் மெக்கானிக்கிடம் திரும்பிப் போய், "நீ 20 என்கிறாய், அவர்கள் 1,000 தருகிறார்கள். நான் கணக்குத் தெரியாதவனா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அது வேறு வாட் முதலாளி, இது வேறு வாட்" என்று மட்டும் சொன்னார். வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு வந்து 1,000 வாட் பெட்டியை வாங்கிவிட்டேன்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனோம். 1,000 வாட் அல்லவா என்று அதோடு வந்த இரண்டு ஸ்பீக்கரும் போதாமல், குடோனில் கேட்க மேலும் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டினோம். சத்தத்தை ஏற்றினோம். பாடியவர் குரல் கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தி வாசத்தையும் மீறிக் கருகல் வாசம் வந்தது. பூஜை முடிவதற்குள் பெட்டியின் ஆயுள் முடிந்தது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அதே மெக்கானிக்கிடம் தூக்கிப் போனேன். அவர் கேலி செய்யவில்லை. பெட்டியைத் திருப்பி வைத்துப் பின்பக்கத் தகட்டைக் காட்டினார். மின்சார உபயோகம் 35 வாட் என்று போட்டிருந்தது. "முதலாளி, உங்கள் மில்லில் 35 மூட்டை நெல் அரைத்தால் 1,000 மூட்டை அரிசி வருமா?" என்று கேட்டார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து, மூட்டைக் கணக்கில் முடி நரைத்தவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வகை வாட்

மின்சாரமாக உள்ளே போவதைவிட ஒலியாக ஸ்பீக்கருக்குப் போவது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய பாணி ஆம்ப்ளிபயரில், முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே போவதில் பாதிக்குச் சற்று மேலே வெளியே வரும். மீதி சூடாகப் போய்விடும். இப்போது வரும் டி வகுப்பு ஆம்ப்ளிபயரில் சேதாரம் குறைவு. 100-க்கு 85, 90 பங்கு தேறும். எந்த வகையிலும் 35 உள்ளே போய் 1,000 வெளியே வராது.

அப்படியானால் 1,000 எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளிபயர் கெடாமல், ஒலி சிதையாமல், தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்டைத்தான் கடையில் ஆர்.எம்.எஸ். வாட் என்கிறார்கள். அதுதான் எடைபோட்ட சரக்கு. பி.எம்.பி.ஓ. என்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் என்ன பாய்ந்திருக்கலாம் என்று காகிதத்தில் போட்ட கணக்கு. அதை எப்படி அளப்பது என்பதற்கு உலகத்தில் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்டை 10-ஆல் பெருக்குகிறவர் உண்டு, 50-ஆல் பெருக்குகிறவரும் உண்டு.

நம் அப்பா காலத்துப் படிக் கதைதான் இது. அந்தக் காலத்தில் பட்டணம் படி ஒன்று, சின்னப் படி ஒன்று, பெரிய படி ஒன்று. படி என்று சொன்னால் எந்தப் படி என்று கேட்க வேண்டும். கேட்காதவன் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்து வயிறு எரிவான். பி.எம்.பி.ஓ. அந்தப் படிகளையும் மிஞ்சியது. சாக்கையும் தைத்த சணலையும் தூக்கிய ஆளையும் சேர்த்துத் தராசில் ஏற்றிய எடை அது.

நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். நம் வயல்களில் ஓடும் 5 எச்.பி. பம்புசெட் மோட்டார் 3,730 வாட். அந்தத் தம்பி பார்த்த 5,000 வாட் பெட்டி உண்மையாக இருந்தால் அது கிட்டத்தட்ட 6.7 எச்.பி. மோட்டாருக்குச் சமம். அதை வைத்துக் கொள்ளிடத்துத் தண்ணீரையே இறைக்கலாம். இன்னொரு கணக்கும் உண்டு. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் எடுக்கலாம். 5,000 வாட்டை எந்த வழியாக எடுப்பார்களாம்?

எத்தனை வாட் போதும்?

பெரிய எண்ணைக் கேட்டுப் பழகிவிட்டதால் 20, 30 என்றால் நமக்கு இளக்காரமாக இருக்கிறது. உண்மையில் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

1960-களில் ஜெர்மனியில் டின் 45500 என்று ஒரு தர அளவு கொண்டுவந்தார்கள். ஹை-பை என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது இன்ன தரம் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஸ்டீரியோ ஆம்ப்ளிபயருக்கு அதில் கேட்ட சக்தி பக்கத்துக்கு வெறும் 6 வாட். சத்தத்தின் அளவைவிட அதன் சுத்தத்தையே அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

1978-ல் என்.ஏ.டி. என்ற கம்பெனி 3020 என்ற மாடலைக் கொண்டுவந்தது. குறைந்த பணத்தில் நல்ல ஒலி கேட்க விரும்பியவர்களுக்காகச் செய்தது. பெட்டியில் அலங்காரம் கிடையாது. எழுதியிருந்தது பக்கத்துக்கு 20 வாட். உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஹை-பை ஆம்ப்ளிபயர்களில் அதுவும் ஒன்று. பாட்டில் திடீரென்று ஓங்கி வரும் இடங்களில் எழுதிய 20-ஐவிடக் கூடுதலாகவே அது கொடுக்கும். நிறுத்த எடைக்கு மேல் ஒரு பிடி கொசுறு போடுகிற கடைக்காரரைப் போல.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலியின் அளவை டெசிபலில் சொல்வார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். ஒரு நடுத்தர ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 முதல் 88 டெசிபல் வரை ஒலிக்கும். அந்த 1 வாட்டே வீட்டில் உரத்த சத்தம்தான். மீதி வாட்டெல்லாம் தவிலில் ஓங்கி விழும் அடி போன்ற நொடிகளுக்குத் தேவைப்படும் கையிருப்பு.

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது கொஞ்சம் கூடினாற்போல் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காது உணர வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். ஆகவே 30 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். 10-க்கு 12 அடி, 12-க்கு 15 அடி அறைக்கு, பக்கத்துக்கு 20 முதல் 40 நேர்மையான வாட் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் ஸ்பீக்கர். கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கை அதற்கு ஒதுக்குங்கள். நம் காதுக்கு நேரே பேசுவது அதுதான். ஸ்பீக்கர் விவரத்தில் 1 வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 40 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 92 டெசிபல் ஸ்பீக்கரில் 10 வாட்டிலேயே வந்துவிடும். தம்பிடி செலவில்லாமல் ஆம்ப்ளிபயரை நான்கு மடங்கு ஆக்கும் வழி இது.

இரண்டாவது, வாட்டை முழு வாக்கியமாகக் கேளுங்கள். பக்கத்துக்கு எத்தனை வாட், எத்தனை ஓமில், எத்தனை சதவீதச் சிதைவில் என்று மூன்றும் சேர்ந்து வர வேண்டும். சிலர் இரண்டு பக்கத்தையும் கூட்டிச் சொல்வார்கள். சிலர் 10 சதவீதச் சிதைவில் அளந்த வாட்டைச் சொல்வார்கள். அது 100-க்கு 10 பங்கு கல் கலந்த அரிசியை நிறுத்துக் காட்டுவது போல. 1 சதவீதத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் எண் இறங்கும். இறங்கட்டும். கல் பொறுக்கிய பிறகு தேறும் அரிசிதான் நம்முடையது.

மூன்றாவது, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மின் உபயோகம் எத்தனை வாட் என்று பின்னால் இருக்கும். நல்ல கம்பெனிகள்கூட அங்கே சராசரி உபயோகத்தைப் போடுவது உண்டு. அதனால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். முப்பது மடங்கு, ஐம்பது மடங்கு வித்தியாசம் இருக்காது. அடாப்டரில் ஓடும் சின்னப் பெட்டியானால் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 24 வாட். இப்போது டி.பி.ஏ. 3116 என்ற ஐ.சி. போட்ட சின்ன ஆம்ப்ளிபயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நல்ல சரக்குதான். அந்த ஐ.சி. 21 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 50 வாட் வரை கொடுக்கும். அதற்கு 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால், மாட்டுக்குத் தீவனத்தைக் குறைத்துவிட்டுப் பால் கணக்கைக் கூட்டி எழுதியதாகத்தான் அர்த்தம்.

பழைய காலத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். கனமாக இருந்தால் உள்ளே நல்ல டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று பொருள். டி வகுப்பு வந்த பிறகு இது மட்டும் போதாது. எடை குறைந்த நல்ல பெட்டியும் இப்போது உண்டு. எடைக்காக உள்ளே இரும்புத் துண்டை வைத்த பெட்டியையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, ஓம் கணக்கு. என் ஆயுத பூஜை கருகியது இதனால்தான். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே பக்கத்தில் பக்கவாட்டாக மாட்டினால் அது 4 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபயருக்கு இரண்டு மடங்கு சுமை. 4 ஓம் தாங்கும் என்று பின்னால் எழுதியிருந்தால் மாட்டலாம். இல்லாவிட்டால் ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டை மாட்டு வண்டி பாரத்தை ஏற்றிய கதை. அதோடு, சக்தி போதாத ஆம்ப்ளிபயரை அதன் எல்லைக்கு மேல் திருப்பினால் ஒலி வெட்டுப்பட்டுப் போகும். அந்த வெட்டுப்பட்ட ஒலிதான் முதலில் சின்ன ட்வீட்டரை எரிக்கும்.

ஐந்தாவது, காதால் பாருங்கள். கடையில் பேஸை ஏற்றிவைத்துக் காட்டுவார்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை எடுத்துப் போங்கள். கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வந்த சீர்காழி கோவிந்தராஜன் குரல் நம் எல்லோருக்கும் தெரியும். அது மூக்கடைத்தாற்போல் கேட்டால் பெட்டியில் குறை. நாதஸ்வரம் போட்டுப் பாருங்கள். சீவாளியின் ஓசை காதைக் குத்தாமல், மங்கவும் செய்யாமல் வர வேண்டும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவா என்று கவனியுங்கள். கொஞ்சம் கூடுதல் சத்தம் வைத்த பெட்டி நல்ல பெட்டி போலத் தோன்றும்; காதின் சுபாவம் அது. கடைசியில் பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். உம்மென்ற இரைச்சல் இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஆறாவது, நம் ஊர் மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் ஸ்டெபிலைசர் வையுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இணைப்பு சரியில்லாததுகூட இரைச்சலுக்குக் காரணமாக இருக்கும். கெட்டால் சிதம்பரத்திலோ கடலூரிலோ பழுது பார்க்க ஆள் உண்டா, பாகம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஏழாவது, கைவேலைப் பெட்டியும் பழைய பெட்டியும். கல்கத்தாவின் சோனோடைன், காஸ்மிக் போன்ற நம் நாட்டுப் பழைய பெட்டிகள் அங்கங்கே விலைக்கு வருகின்றன. கெப்பாசிட்டர்களை மாற்றினால் நன்றாக உழைப்பவை உண்டு. புதிதாக அசெம்பிள் செய்து வாங்கினால் உள்ளே என்ன ஐ.சி., என்ன டிரான்சிஸ்டர் என்று கேளுங்கள். டி.டி.ஏ. 2030 என்ற ஐ.சி. 4 ஓமுக்குச் சுமார் 14 வாட் கொடுக்கும் என்று அதைச் செய்த கம்பெனியே எழுதியிருக்கிறது. அதில் இரண்டை வைத்துவிட்டு முகப்பில் 1,000 என்று ஒட்டினால், மில் பில்லை வைத்துக்கொண்டு நாம் மடக்கிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கோயிலிலும் கல்யாணத்திலும் பார்க்கிறோமே என்று மைக்செட் ஆம்ப்ளிபயரை வீட்டுக்கு வாங்காதீர்கள். டெல்லியில் 1940 முதல் இருக்கும் அஹுஜா போன்ற கம்பெனிகள் செய்யும் அந்தப் பெட்டிகள், பேச்சுக் குரல் தூரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செய்தவை. அந்த வேலையை நன்றாகச் செய்யும். வீட்டில் உட்கார்ந்து தோடி கேட்பது வேறு வேலை.

விற்பவர் பக்கம் நின்று பார்ப்போம்

எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நம் சங்க நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சொன்ன பதிலைத் தள்ளிவிட முடியாது. "நான் 30 என்று உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடையில் 5,000-ஐ வாங்கிக்கொண்டு போகிறார். என் நேர்மைக்கு யார் வட்டி கட்டுவது?" என்றார்.

சரியான கேள்வி. சிதம்பரத்து மெக்கானிக்குக்கு நேர்ந்ததும் இதுதான். அவருடைய 20 வாட் உண்மையான 20 வாட். ஆனால் 1,000, 2,000 என்று அச்சிட்ட பெட்டிகள் வரிசையாக வந்து நின்றபோது, 20 என்று வாயால் சொன்னவர் சின்ன வியாபாரி ஆகிவிட்டார். சில ஆண்டுகளில் ஆம்ப்ளிபயர் செய்வதையே விட்டுவிட்டு இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போய்விட்டார். அவரைப் பொய்யன் என்று நினைத்து எழுந்து வந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அளவு பொதுவாக இல்லாத சந்தையில் சரியாக அளப்பவன்தான் முதலில் நஷ்டப்படுவான். நம் அப்பா தலைமுறை இதைப் பார்த்திருக்கிறது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் வரத் தொடங்கி, 1962 ஏப்ரல் முதல் நாடு முழுதும் கட்டாயம் ஆனது. வீசையும் பலமும் போய் கிலோ வந்தபோது கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் அப்பாவும் முணுமுணுத்தார். ஆனால் எல்லாக் கடையிலும் ஒரே கல் என்று ஆன பிறகு, சரியாக நிறுப்பவன் அதற்காகத் தனியாக நஷ்டப்பட வேண்டிய நிலை போயிற்று. முத்திரை போட்ட கல் வாங்குபவரைக் காப்பாற்றியது போலவே ஒழுங்கான கடைக்காரரையும் காப்பாற்றியது.

நம் பக்கத்திலும் குற்றம் இல்லாமல் இல்லை. சாக்கு எடையோடு சேர்த்து விற்றவர்கள் நம்மில் இருந்தார்கள். இன்றும் தராசுக்குக் கீழே கை வைப்பவர் ஒருவர் இருந்தால், தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் கெட்ட பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்குவதில் கூட்ட மாட்டார்கள், கொடுப்பதில் குறைக்க மாட்டார்கள் என்று பட்டினப்பாலை பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பட்டினம் நமக்குக் கூப்பிடு தூரம்.

சங்கம் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் 1974-லேயே, வீட்டு ஆம்ப்ளிபயரின் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசின் வர்த்தக ஆணையம் விதி போட்டது. 2024-ல் அதைத் திருத்தி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவில் வரும் தொடர் சக்தியைச் சொல்ல வேண்டும் என்று கட்டிவைத்தது. அங்கேயும் இப்படி எண்ணைப் பெருக்கி விற்றார்கள் என்பதால்தான் விதியே வந்தது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது. தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் மளிகைக் கடைக்காரர் அபராதம் கட்டுகிறார். பொட்டலப் பொருளுக்கு ஒரு கிராம் என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று 2021-ல் விதியைத் திருத்தினார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. இத்தனை இருந்தும் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்து இன்னும் சில பெட்டிகளின் முகப்பில் கூசாமல் உட்கார்ந்திருக்கிறது. நூறு கிராம் கடுகில் இரண்டு கிராம் குறைந்தால் குற்றம், வாட்டில் நூறு மடங்கு கூட்டினால் விளம்பரம் என்றால் அது என்ன நியாயம்?

ஆகவே என் கோரிக்கை மூன்று. ஒன்று, எலெக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் நம் சங்க உறுப்பினர்கள் பில்லில் பக்கத்துக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட், எத்தனை ஓம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நஷ்டம். வட்டாரத்தில் எல்லோரும் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு, பி.எம்.பி.ஓ. எண்ணை வாட் என்று சொல்லி விற்கக் கூடாது என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, மே 5 வணிகர் தின மாநாட்டில் இதற்கு அரசு விதி கேட்டு ஒரு தீர்மானம் வர வேண்டும். அதிகாரி நம் தராசைச் சோதிக்கும்போது மட்டும் முணுமுணுக்கும் நாம், ஒரு முறையாவது அளவுக்காக நாமே போய்க் கேட்போம்.

கருகிய பெட்டிக்குப் பிறகு அந்த மெக்கானிக்கிடமே பக்கத்துக்கு 20 வாட்டில் ஒரு ஆம்ப்ளிபயர் செய்து வாங்கினேன். ஒரு முறை கெப்பாசிட்டர் மாற்றியதோடு சரி, இன்றும் ஓடுகிறது. இரவு கடை சாத்திய பிறகு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதில்தான் கேட்கிறேன். பழைய பதிவு, கீறல் சத்தம் இருக்கிறது. ஆனாலும் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே வருகிறது.

அடுத்த பொதுக்குழுவில் மேலே சொன்ன மூன்றையும் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். 30 வாட் பெட்டியை வாங்கிய அந்த மளிகைக் கடைத் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் வாருங்கள்.